எண்டோதீலினும் நானும்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "பிரஷரா?" என்பதுதான். ஓம், பிரஷர்தான். ஆனால் கையில் பட்டியைச் சுற்றி அளக்கிற பிரஷர் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். "அப்ப எங்க பிரஷர்?" என்பார்கள். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற குழாய்களில் என்பேன். அப்படியும் ஒன்று இருக்கிறதா என்று அதிசயப்பட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். இதை ஒவ்வொருவருக்கும் வாயால் விளக்கி எனக்கு மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்குவதுதான் என் வருத்தமே என்பதால், எழுதி வைத்துவிட்டால் வருகிறவர்களிடம் நீட்டிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து நூலகத்தில் நான் உதவியாளர். பிள்ளைகள் திருப்பித் தருகிற புத்தகங்களை மேல்மாடி அடுக்குகளுக்குக் கொண்டுபோய் வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. வருடக் கணக்காக ஏறி இறங்கிய படிக்கட்டு ஒரு மாரிக் காலத்தில் எனக்குப் பெரிதாகிவிட்டது. பாதியில் நின்று, கையிலிருக்கும் புத்தகத்தின் பின்னட்டையை வாசிப்பதுபோல மூச்சு எடுப்பேன். அந்த வருடம் நான் வாசித்த பின்னட்டைகளை வேறு எவரும் வாசித்திருக்க மாட்டார்கள். கல்லடியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வைத்தியர் முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கிற பம்ப் ஒன்று தந்தார். இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கால் வீங்கியது. சாப்பாடு பிடிக்கவில்லை. மாதமும் தள்ளிப் போனது. அம்மாவுக்கு அது போதும். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளையில்லாத மகள் கால் வீங்கிச் சோற்றைக் கண்டு விலகினால், வேறு என்னதான் நினைப்பார்?

அம்மாவின் அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வீடும் மகளுக்குத்தான்; கட்டுகிற ஆண் பெண் வீட்டுக்கு வருவான். என் கணவர் ரமணன் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து, வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு, படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குக் கூடப் பிறந்த பெண்கள் இல்லை. கட்டாரில் இருக்கிற என் தம்பிக்கு இரண்டு பெண் பிள்ளைகள்; ஆனால் அவர்கள் அவன் மனைவியின் குடி. கோயில் திருவிழாவில் எங்கள் குடிக்கென்று உள்ள நாளில் அம்மாவின் வயிற்று வழியில் நிற்கிற பெண் நான் ஒருத்திதான். எனக்குப் பிறகு யார் என்று அம்மா வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் குசினியில் பாத்திரத்தை அவர் வைக்கிற சத்தத்தில் அது எனக்குக் கேட்கும்.

ஆகவே வீட்டில் நான் கர்ப்பிணி ஆனேன். வைத்தியர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார். "புள்ள வயித்தில இரிக்கக்குள்ள எக்ஸ்ரே எடுக்கவா? உனக்கென்ன விசரா?" என்று அம்மா அந்தத் துண்டுச் சீட்டை வாங்கிச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டார். சோதித்துப் பார்த்து நிச்சயப்படுத்தவும் விடவில்லை. சுறுக்காகப் பார்த்தால் கண் பட்டுவிடுமாம். எனக்கு இதில் பங்கு இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஒரு மாதம் நானும் கையை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். மூச்சு முட்டினால்கூடச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் நூலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது அதைத்தான். "கர்ப்பம் இல்ல" என்றார் நேர்ஸ், ஊசியை எடுத்தபடியே. கட்டில் விளிம்பில் இருந்த அம்மா, "வடிவாப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இரண்டாம் தரம் கேட்கவில்லை. முந்தானையால் என் காலை மூடிவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்கோ எடுத்த பெண் டொக்டர் காத்தான்குடிக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். திரையை எங்கள் பக்கம் திருப்பி, துடிக்கிற இதயத்தைக் காட்டி விளக்கினார். இதயத்தின் இடப்பக்கம் உடம்புக்கு இரத்தத்தை அனுப்புகிறது, வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. வலப்பக்கத்துக்கு வேலை குறைவு. நுரையீரலின் குழாய்கள் அகலமாக, இளகி இருப்பதால் மெதுவாகத் தள்ளினாலே போதும். எனக்கு அந்தக் குழாய்கள் ஒடுங்கிவிட்டன. இதயத்தின் வலப்பக்கம் தள்ளித் தள்ளி வீங்கிவிட்டது. கையில் அளக்கிற பிரஷர் இடப்பக்கத்தின் கதை என்பதால் அதில் ஒன்றும் தெரியாது.

ரமணன் திரையை நன்றாக உற்றுப் பார்த்தார். "அப்ப பம்ப் நல்லம், ஹோஸ்தான் சுருங்கிட்டு. என்ன டொக்டர்?"

"சரியாச் சொன்னீங்க. ஆனா இப்பிடியே விட்டா பம்பும் பழுதாகிரும்."

"ஹோஸ மாத்த ஏலாதா?"

"ஏலாது தம்பி. கொஞ்சம் இளக்கலாம்."

அன்று டொக்டர் சொன்ன அத்தனையிலும் எனக்குப் பிடித்த சொல் அந்தக் 'கொஞ்சம்' தான். பொய் சொல்லாத ஒரு ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காத்திருப்பதுதான் வேலை. இரத்தம் எடுக்கக் காத்திருப்பது, முடிவு வரக் காத்திருப்பது, பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருப்பது. ஒவ்வொரு நாளும் ஒரு நேர்ஸ் என்னை நீண்ட நடைபாதையில் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போய் நிற்கிறேன் என்று பார்ப்பார். உப்பில்லாச் சாப்பாடு என்று கட்டளை. உப்புப் போடாமல் மீன் சொதி வைப்பது அம்மாவுக்குத் தெரியாது; வைத்து அனுப்பினார், வாயில் வைக்க முடியவில்லை. கொண்டுவந்த ரமணன் என் கட்டிலில் இருந்து அதே சொதியைத் தானும் ஊற்றிச் சாப்பிட்டு, "பரவாயில்ல, பழகிரும்" என்றார். பழகவில்லை. அவர் வீட்டிலும் அதையேதான் சாப்பிடுகிறார் என்று பிறகு தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வீட்டில் ஒரு ஆளாவது ருசியாகச் சாப்பிட வேண்டாமா?

நிச்சயப்படுத்தக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கழுத்து நாளத்தின் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, அங்கிருந்து நுரையீரல் குழாய்க்குள் செலுத்தி, உள்ளேயே அழுத்தத்தை அளப்பார்கள். மயக்கம் தருவதில்லை, கழுத்தை மட்டும் விறைக்கச் செய்வார்கள். நான் பயந்தேன். மேசையில் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். பக்கத்தில் நின்ற சிங்கள நேர்ஸுக்குத் தமிழ் தெரியாது. என் விரல்களைப் பிடித்து, "ஹுஸ்ம கன்ன" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூச்சை எடு என்கிறார் என்று விளங்க எனக்குச் சிங்களம் தேவைப்படவில்லை. முடியும்வரை அந்தக் கையை விடவும் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் டொக்டர் குழாய்களை இளக்குகிற குளிசை எழுதினார். அதோடு ஒரு நிபந்தனையும் சொன்னார். அம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நானும் ரமணனும்.

"இந்தக் குளிசை எடுக்கிற காலத்தில பிள்ளை தங்கக் கூடாது. தங்கினா பிள்ளைக்குக் கேடு. மாதாமாதம் ரத்தம் பாப்பம், ஈரலுக்கு ஏதும் பழுதா எண்டு. பிள்ளை இல்ல எண்டும் பாத்துட்டுத்தான் அடுத்த மாதக் குளிசை தருவம்."

"குளிசை எடுக்காம இருந்தா?" என்று கேட்டேன்.

டொக்டர் பேனையை வைத்தார். "எடுக்காட்டியும் தங்கக் கூடாது. உங்கட இதயம் ஒரு பிள்ளையையும் சேத்துச் சுமக்காது. பெறப்போய் நீங்க இல்லாமப் போகலாம். நான் சும்மா பயங்காட்டல்ல."

ஏழு வருடமாக 'இருக்கு' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவள் நான். இனி மாதாமாதம் 'இல்லை' என்று கேட்டால்தான் எனக்கு மருந்து. அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. ரமணன் என் தோளைத் தொட்டார்.

வீட்டுக்கு வரும்போது பழைய பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். அவர் வேகமாக நடக்கிறவர். அன்று பத்தடிக்கு ஒருக்கால் நின்று, வாவியில் வலை எறிகிறவர்களைப் பார்த்தார், செருப்பைச் சரிசெய்தார், போனைத் தடவினார். எல்லாம் நான் மூச்சு எடுக்கத்தான். நடுப்பாலத்தில், "எனக்கு நீ போதும் சுகந்தி" என்றார்.

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதுமா எண்டு கேட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனிசன், திரும்பவும் செருப்பைப் பார்த்தார்.

குளிசைப் பெட்டியை நான் திறக்கவில்லை. முதல் குளிசையை விழுங்கினால் பிள்ளை வேண்டாம் என்று நானே என் வாயால் சொன்னதாகிவிடும் என்று தோன்றியது. அம்மாவுக்கு விசயம் தெரிந்தபோது அவரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நம்மட ஆக்கள் நெஞ்சு வருத்தத்தோட பெறல்லையா? ஒரு பொம்பிளப் புள்ளயப் பெத்துட்டு மறுகா குளிசயக் குடியன். நான் வளக்கிறன்." ரமணன் காலையிலும் பின்னேரமும் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை வைப்பார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப அலுமாரியில் வைப்பேன். வீட்டில் மூன்று பேரும் அதைப் பற்றிக் கதைக்காமல் அதைச் சுற்றியே நடமாடினோம். என் கால் இன்னும் வீங்கியது. கட்டிலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் குந்தியிருக்க வேண்டியிருந்தது.

லீவில் வீட்டில் கிடந்தவளுக்கு வேறு என்ன வேலை? நூலகத்துச் சிநேகிதியிடம் சொல்லி, இந்த மருந்து எதை அடக்குகிறது என்று தேடி அனுப்பச் சொன்னேன். பத்து வருடம் மற்றவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள், முதல்முறை எனக்காகக் கேட்டேன்.

அந்தப் பொருளின் பெயர் எண்டோதீலின். இரத்தக் குழாயின் உட்பக்கத்தில் ஒரே அடுக்காக மெல்லிய உயிர்க்கலங்கள் படர்ந்திருக்கின்றன. வெகு காலம் அதைச் சுவருக்கு அடித்த பெயின்ற் மாதிரி ஒரு சும்மா பூச்சு என்றுதான் நினைத்திருந்தார்களாம். பிறகு ஆய்வுகூடத்தில் ஒரு விநோதம் கண்டார்கள். குழாய்த் துண்டை வெட்டி எடுக்கும்போது அந்தப் பூச்சு தேய்ந்துபோனால், இளக்குகிற மருந்து விட்டாலும் குழாய் இளகுவதில்லை. தேயாமல் பார்த்துக்கொண்டால் இளகுகிறது. அப்படியென்றால் பூச்சு சும்மா இல்லை. குழாயை இளகச் சொல்கிற ஏதோ அதிலிருந்துதான் வருகிறது.

இளக்கத் தெரிந்தது இறுக்கவும் செய்யுமா என்று அடுத்து தேடினார்கள். அந்தக் கலங்களைத் தட்டில் வளர்த்து, அவை கிடந்த நீரை எடுத்துக் குழாயில் விட்டுப் பார்த்தார்கள். குழாய் இறுகியது. சும்மா இறுக்கம் இல்லை, கழுவி விட்டாலும் போகாத இறுக்கம். ஜப்பானில் ஒரு குழுவினர் பன்றியின் பெருங்குழாயிலிருந்து எடுத்த கலங்களை வளர்த்து, அந்த நீரிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இருபத்தொரு அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி. அதன் அமைப்பைப் பார்த்தால், மேற்காசியப் பாலை நிலத்தில் மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்பின் விசத்தில் இருக்கிற பொருளும் ஏறக்குறைய அதேதான். அந்தப் பாம்பு கடித்தால் இதயத்தின் குழாய்கள் இறுகிப்போகும்.

இதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். மறுநாள் காலை முற்றத்தில் சைக்கிள் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் எங்கள் பகுதியில் விசகடி பார்க்கிறவர், வேப்பங்குழையோடு நிற்கிறார். அம்மா செம்பில் தண்ணீர் வைத்துவிட்டு எனக்குப் பாய் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் பாம்பு புள்ள கடிச்ச?" என்று கேட்டார் அவர்.

"ஒண்டும் கடிக்கல்ல. அந்த விசம் மாதிரி ஒண்டு எல்லாரிட ரத்தத்திலயும் இரிக்கி. என்னில கூடிட்டு."

"உங்கட ரத்தத்திலயும் இரிக்காம்" என்று அம்மா அவருக்கு எடுத்துக் கொடுத்தார்.

அவர் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். என் காலையும் பார்த்தார். பிறகு குழையைச் சைக்கிளின் பின்னால் திரும்பக் கட்டினார். "கடிவாய் இல்லாத விசத்துக்கு என்னட்ட ஒண்டும் இல்ல தங்கச்சி. ஆஸ்பத்திரியில என்ன குடுத்தவங்க?" என்றார். அம்மா தேத்தண்ணி போடப் போனார். அவர் அதைக் குடித்துவிட்டுப் போனார். நான் நெடுநாளைக்குப் பிறகு மூச்சு முட்ட முட்டச் சிரித்தேன். அம்மா அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

அடக்குகிற மருந்து வந்த கதையும் நேர்க்கோடு இல்லை. எண்டோதீலின் வேலை செய்ய, குழாயின் தசையில் அதற்கென்று ஒரு இருக்கை உண்டு. மருந்து முந்திப்போய் அந்த இருக்கையில் இருந்துவிடும். பஸ்ஸில் நாங்கள் சன்னலால் கைத்துடைக்கிற லேஞ்சியை எறிந்து சீற் பிடிக்கிற மாதிரி. வருகிற எண்டோதீலினுக்கு இடம் இல்லை. முதலில் இதயம் பலவீனமானவர்களுக்கு இது பெரிய மருந்தாகும் என்று நம்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நுரையீரல் குழாய் இறுகிய எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது உதவியது. யாருக்கோ என்று தேடியது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அலுமாரிக்குள் கிடக்கிறது என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கடைசியாகச் சிநேகிதி அனுப்பியது எலிகளைப் பற்றியது. அன்று பின்னேரம் அம்மா கிணற்றடியில் மீன் அரிந்துகொண்டிருந்தார். நான் கதிரையைப் பக்கத்தில் போட்டு இருந்து போனில் வாசித்தேன். வாசித்ததையே திரும்ப வாசித்தேன். பிறகு போனை மடியில் வைத்தேன்.

"என்ன, இன்னொரு பாம்பா?" என்றார் அம்மா, நிமிராமல்.

"இல்லம்மா. இது எலி."

சொன்னேன். எண்டோதீலின் கெட்டது என்றால் அது இல்லாமலே எலி பிறந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறார்கள். பிரஷர் குறைந்த எலி பிறக்கும் என்று எதிர்பார்த்தார்களாம். பிறந்த குட்டிகளுக்குத் தாடை சரியாக அமையவில்லை. முகம் கூடவில்லை. மூச்சு எடுக்க முடியாமல் பிறந்த கையோடு செத்துப்போயின. அப்போதுதான் விளங்கியது, குழாயை இறுக்குகிற இதே பொருள்தான் வயிற்றுக்குள் கிடக்கிற குட்டிக்கு முகத்தைக் கட்டுகிறது. அதை அடக்குகிற மருந்தைத் தாய் குடித்தால் பிள்ளைக்கு அதே கேடு வரலாம். டொக்டர் போட்ட நிபந்தனை அங்கேயிருந்துதான் வருகிறது.

"எலிக்கு மட்டுமா, மனிசருக்கும் அதானா?" என்று கேட்டார் அம்மா.

"மனிசருக்கும் அதுதான் எண்டு சொல்றாங்க."

அம்மா மீனை விட்டுவிட்டார். காகம் ஒன்று வந்து சட்டி விளிம்பில் இருந்தது, துரத்தவில்லை. "அப்ப நீ என்ட வயித்துக்க கிடக்கக்குள்ள," என்று தொடங்கி நிறுத்தினார். "உன்ட முகத்தையும் அதுதான் கட்டின?"

"ஓம் அம்மா."

"ஒரு பேத்திக்காக உன்னப் பறிகுடுத்துட்டு நான் எவள்ட முகத்தப் பாக்கப் போறன்?" என்றார். எனக்கும் தாங்கவில்லை. இருவரும் அழுதோம். காகம் ஒரு மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அம்மா வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். மீன் வாடை போகவில்லை என்று மணந்து பார்த்துத் திரும்பவும் கழுவினார். எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டியோடும் தண்ணீர்க் குவளையோடும் வந்து என் முன்னால் நின்றார். அவருக்கு அந்தக் குளிசை அட்டையைப் பிரிக்கத் தெரியவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒன்றை எடுத்தார்.

"நான் பெத்த முகம் எனக்குக் காணும், அது போதும் மனே," என்றார். "வாயத் திற."